விருந்தினர் எழுத மறந்தவர்கள்

2015ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், தியாகராய நகரில் வாழும் நம் நண்பர் ஒருவரின் இல்லத்திற்கு ஜெர்மனியிலிருந்து பள்ளி மாணவி ஒருத்தி வந்து சேர்ந்தாள். மாணவர் பரிமாற்றத் திட்டம் என்கிறார்களே, அதன்படி ஓராண்டுக் காலம் ஒரு குடும்பத்தின் பிள்ளையாக இருந்து, இங்குள்ள பள்ளியில் படித்துத் திரும்புவது ஏற்பாடு. ஊர் திரும்பிய பின் தன் பள்ளி மலருக்கு அவள் ஒரு கட்டுரை எழுதினாள். அதன் ஆங்கிலப் படி நண்பருக்கு வந்தது. நண்பர் நம்மிடம் தந்தார். இந்நாட்டில் கழிந்த முதல் பத்து நாள்களே அதன் பொருள். நல்ல கட்டுரைதான். விமான நிலையத்து வெக்கை, பாண்டி பஜாரின் இரைச்சல், சுழன்றும் குளிர்ச்சி தராத மின்விசிறி, வாளியும் குவளையுமாகக் குளிக்கப் பழகியது, வலக்கையால் பிசைந்து உண்ணப் பழகியது, வைகறையில் பாங்கோசை கேட்டுத் திடுக்கிட்டு விழித்தது எல்லாம் அதில் இருந்தன. சாப்பாட்டைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. தான் புலால் உண்ணாதவள் என்பதை அக்குடும்பம் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டதென்றும், ஆயினும் சில நாள் குழம்பில் உப்பு மிகுந்தும் சில நாள் உப்பே இல்லாமலும் இருந்ததென்றும், தென்னிந்தியச் சமையலின் இயல்பு அதுபோலும் என்றும் எழுதியிருந்தாள்.

அது ரமலான் மாதம். நண்பரின் துணைவியார் பின்னிரவில் எழுந்து சஹர் உணவு ஆக்கி, வீட்டாரை எழுப்பி உண்ணச் செய்து, தொழுது, சற்றே கண்ணயர்ந்து, முற்பகலில் மறுபடியும் அடுப்பு மூட்டினார். அந்த இரண்டாம் அடுப்பு அம்மாணவி ஒருத்திக்காக மட்டும். இறைச்சி வெந்த பாத்திரத்தில் தமக்குச் சமைப்பார்களோ என்று அப்பெண் முதல் நாள் தயங்கியதைக் கண்டு, உஸ்மான் சாலைக் கடையில் இரண்டு புதுச்சட்டிகளும் ஒரு கரண்டியும் வாங்கி வைத்திருந்தார். கீரையும் சாம்பாரும் உருளைக்கிழங்கும் அவற்றில் வெந்தன. நோன்பாளி ஆதலால், தாம் ஆக்கியதை நாவில் வைத்துப் பார்க்க அவர் மனம் ஒப்பவில்லை. கைக்கணக்கில் உப்பிட்டார். கணக்குச் சில நாள் தவறியது.

அவ்வீட்டார் நோன்பிருக்கிறார்கள் என்பது மாணவிக்குத் தெரியும். அதைப் பற்றியும் இரண்டு வாக்கியங்கள் எழுதித்தான் இருக்கிறாள். ஆனால் நோன்புக்கும் உப்புக்கும் இடையே உள்ள கோடு அவள் கண்ணில் படவில்லை. பதினாறு வயதுப் பெண்ணைக் குறைகூற நாம் இதை எடுக்கவில்லை. அவள் எழுதிய வகை எழுத்துக்கே உரிய குறை இது என்பது நம் எண்ணம். பிறர் வீட்டில் தங்கிப் படித்தவர்கள் எழுதும் முதல் நாள்களின் கதை எப்போதும் வந்தவரின் கதையாகவே இருக்கிறது. அவருக்கு எது புதிது, எது கூச்சம், எது பசி, எது குளிர் என்பனவெல்லாம் வரிவரியாக வரும். வரவேற்ற வீடு, மேடையின் பின்திரைபோல் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்கும் அவை முதல் நாள்களே, அங்கும் யாரோ ஒருவர் தம் அறையை, தம் உறக்கத்தை, தம் அடுப்பின் ஒழுங்கை மாற்றிக்கொண்டிருக்கிறார் என்ற நினைவு எழுத்தில் அருகியே தோன்றும். இவ்வகை நூல்களை மதிப்பிட நாம் கைக்கொள்ளும் உரைகல் இதுதான்: வீட்டார் அதில் உயிரோடு நடமாடுகிறார்களா?

இந்த உரைகல் நாம் புதிதாகச் சமைத்ததன்று. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். பத்துக் குறளும் விருந்தளிப்பவனை நோக்கியே பேசுகின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழியோ இரு பக்கமும் திரும்பி நிற்கிறது. விருந்து மூன்று நாள், அதற்கு மேற்பட்டது தருமம் என்று வீட்டாரின் கடமையை வரையறுத்த கையோடு, வீட்டாரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்குத் தங்குவது விருந்தினர்க்கு ஆகாது என்றும் அது விதிக்கிறது. வந்தவரும் வீட்டாரின் நிலையை அறிந்திருக்க வேண்டும் என்பது இதன் உட்பொருள். மூன்று நாளைக்கே இத்தகைய எச்சரிக்கை என்றால், ஓராண்டு தங்கும் மாணவரைப் பற்றி என்ன சொல்வது!

இத்தகைய ஏற்பாடுகளைத் தோற்றுவித்தவர்கள் வீட்டின் அருமையை அறிந்தே இருந்தார்கள். அமெரிக்கரான டொனால்ட் வாட் 1932இல் தொடங்கிய முயற்சியில், இளைஞர்கள் விடுதியில் அன்றி வேற்று நாட்டுக் குடும்பங்களோடு வாழ்வதே அடிப்படையாயிற்று. ஏ.எஃப்.எஸ். என வழங்கும் அமைப்பு, முதற் போரில் காயம்பட்டோரைச் சுமந்த தொண்டர் வண்டிப்படையாகப் பிறந்து, இரண்டாம் போரிலும் அப்பணி செய்து, 1947 முதல் மாணவர் பரிமாற்றத்திற்குத் திரும்பியது. 2001 செப்டம்பர் நிகழ்ச்சிகளுக்குப் பின், முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளின் மாணவர்களை அமெரிக்க இல்லங்களில் தங்கவைக்க அந்நாட்டுக் காங்கிரசு 2002இல் ஒரு திட்டமே வகுத்தது. நம் நாட்டு மாணவர்களும் அதில் சென்று வந்தனர். போர்க்களத்தில் பிணம் சுமந்தவர்களும் பகைமைக்கு அஞ்சிய அரசினரும் கடைசியில் நம்பியது ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையைத்தான். அந்த மேசையைத் துடைப்பவரைப் பற்றி எழுதப்பட்டது எவ்வளவு என்பதே நம் கேள்வி.

சென்னை மாநகரிலிருந்து கடல் கடந்து, வேற்றார் வீட்டில் முதல் நாள்களைக் கழித்த மாணவர்களுள் தலையாயவர் கணித மேதை இராமானுஜன். அவரைப் பற்றிய நூல்கள் பல. ஆகவே நம் உரைகல்லை அங்கே வைத்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

செய்தி சுருக்கமாக இது. 1914ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த எரிக் ஹெரால்டு நெவில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்ற வந்தார். இராமானுஜனை எப்படியாவது அழைத்துவர வேண்டும் என்பது பேராசிரியர் ஹார்டி அவரிடம் ஒப்படைத்த பணி. நெவில் பேசினார், பல்கலைக்கழகத்திற்கு மடல் எழுதினார், ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை பிறந்தது. இராமானுஜன் குடுமியைக் களைந்து, காற்சட்டையும் காலணியும் பூண்டு, திருவல்லிக்கேணிக் குடித்தனத்தைக் கலைத்துத் தாயையும் மனைவியையும் கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டு, மார்ச் 17ஆம் நாள் ‘நெவாசா’ கப்பலில் ஏறினார். ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டன் சேர்ந்தபோது, முன்னரே ஊர் திரும்பியிருந்த நெவில் தம் தமையனாருடன் மோட்டார் கொண்டுவந்து எதிர்கொண்டார். சில நாள் இலண்டனில் குரோம்வெல் சாலையில் இந்திய மாணவர்களுக்கான இல்லத்தில் தங்கல். ஏப்ரல் 18ஆம் நாள் முதல் கேம்பிரிட்ஜில் செஸ்டர்டன் சாலையிலிருந்த நெவிலின் சொந்த இல்லத்தில் வாசம். ஜூன் தொடக்கத்தில் டிரினிட்டி கல்லூரியின் ஹியூவெல் முற்றத்து அறைக்கு மாற்றம். ஆக, ஏறத்தாழ ஏழு வாரங்கள் அவர் நெவில் வீட்டு விருந்தினர்.

இதில் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, வீட்டுக்காரரின் வயது. இராமானுஜனுக்கு அப்போது 26, நெவிலுக்கு 25. விருந்தினரைவிட இளையவர் வீட்டுக்காரர்! அவர் ஆலிஸ் அம்மையாரை மணந்தது 1913இல். புதுமணத் தம்பதியர் நடத்திய வீடு அது. நாம் ஏதோ நரைத்த தலைப் பேராசிரியர் ஒருவரின் மாளிகையை எண்ணிக்கொள்கிறோம்.

அந்த ஏழு வாரங்களை யார் எப்படி எழுதினார்கள்?

விருந்தினர் எழுதியது மிகக் குறைவு. ஊருக்கு அனுப்பிய மடல்களில் ஹார்டியும் நெவிலும் அன்புடையவர், ஆணவமற்றவர், உதவுபவர் என்ற அளவில் சொல்லிவிட்டுக் கணிதத்திற்கும் உணவுக்கும் போய்விடுகிறார். புளியும் தேங்காய் எண்ணெயும் அனுப்பச் சொல்வதில் இருந்த விவரம் வீட்டாரைப் பற்றி இல்லை. இதில் வியப்பொன்றும் இல்லை. எண்களோடு பேசும் மனிதரிடம் வீட்டு வருணனையை எதிர்பார்ப்பது நம் பேராசை.

வியப்பு என்னவென்றால், இங்கே வீட்டுக்காரர் எழுதினார் என்பதே. பல ஆண்டுகளுக்குப் பின் நெவில் தம் விருந்தினரை நினைவுகூர்ந்தபோது, அந்நாளைய சிறு துன்பங்களை மறக்கவில்லை. பழக்கமில்லாமையால் வாய்க்குப் பிடிக்காமற்போன காய்கறிகளையும், இருபத்தாறு ஆண்டுகள் கட்டற்றுத் திரிந்த கால்களைக் காலணி வருத்தியதையும் சொல்கிறார். அதே மூச்சில், இவ்வளவிலும் அவர் மகிழ்ந்தே இருந்தார், தமக்கேற்ற கணிதக் கூட்டத்தை அடைந்துவிட்ட மகிழ்ச்சி அது என்றும் சொல்கிறார். இந்த ஒரு குறிப்பை நாம் பெரிதும் மதிக்கிறோம். விருந்தினரின் காலைப் பார்த்த வீட்டுக்காரர் அவர்! காய்கறி வாய்க்கு ஒவ்வவில்லை என்பதைத் தட்டில் மிஞ்சியதைக் கொண்டல்லவா அறிந்திருக்க வேண்டும்? ஆனால் அந்தத் தட்டை எடுத்துச் சென்றவர் யார், மறுநாள் என்ன சமைக்கலாம் என்று திகைத்தவர் யார் என்பதை அவரும் எழுதவில்லை. வீட்டுக்காரரின் எழுத்திலும் வீட்டுக்காரி இல்லை.

அடுத்து, நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1967இல் வெளியிட்ட இராமானுஜன் நூல். அவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர், கணிதம் பயின்றவர், இராமானுஜனை அறிந்தவர்களைத் தேடித் தேடி நினைவுகளைத் திரட்டியவர். அந்த நூலின் மணி என்று நாம் கருதுவது, புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் தந்த கம்பளிக் கதை. கல்லூரி அறையில் இராமானுஜனைக் காணச் சென்றவர், இரவில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டாராம். மேலங்கியை அணிந்து, சால்வையும் போர்த்திக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்று பதில் வந்ததாம். படுக்கையறையில் போய்ப் பார்த்தால், கம்பளிகள் போதிய அளவு இருக்கின்றன. ஆனால் அந்நாட்டு வழக்கப்படி அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டிருக்கின்றன. அவற்றை மடித்து விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே விரித்திருந்த துணியை மட்டும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, கம்பளிகளின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார்.

இக்கதையைச் சொல்லாத இராமானுஜன் வரலாறு அரிது. எல்லோரும் இதை மேதையின் உலகியல் அறியாமைக்குச் சான்றாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள், அல்லது இரங்குகிறார்கள். நமக்கு வேறோர் ஐயம். இது நிகழ்ந்தது ஏழு வாரங்கள் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்த பிறகு. அந்த வீட்டில் அவர் எப்படிப் படுத்தார்? அங்கும் கம்பளி செருகியிருந்திருக்கும். வசந்த காலமாதலால் குளிர் பொறுக்கும்படி இருந்ததா? அல்லது அங்கும் நடுங்கிவிட்டுக் காலையில் நன்றாக உறங்கினேன் என்றாரா? இருவகையாயினும் உண்மை ஒன்று புலனாகிறது. படுக்கையில் எப்படிப் படுப்பது என்று எந்த வீட்டாரும் விருந்தினருக்குச் சொல்வதில்லை; எந்த விருந்தினரும் கேட்பதில்லை. தமக்கு இயல்பானது உலகுக்கெல்லாம் இயல்பு என்று வீட்டார் நினைக்கிறார்கள்; இதைக்கூடவா கேட்பது என்று விருந்தினர் நாணுகிறார். முதல் நாள்களின் துன்பம் முழுதும் இந்த இரண்டு மௌனங்களின் இடையே கிடக்கிறது. காந்தியடிகள் தம் சரிதையில், 1888இல் இலண்டன் சென்ற புதிதில் இன்னுமிரண்டு ரொட்டித் துண்டு கேட்க நாணிப் பசித்திருந்ததை எழுதவில்லையா? அவ்வீட்டு மூதாட்டியின் இரு பெண்மக்கள் தாமாக ஓரிரு துண்டு கூடுதலாக வைத்ததையும் உடன் எழுதினார் பாருங்கள், அங்கே காந்தியடிகள் நம் உரைகல்லில் பொன்னாக மின்னுகிறார். முழு ரொட்டி தின்றாலன்றி அடங்காத பசி தமக்கு என்பதை அப்பெண்கள் அறியார் என்று புன்முறுவலோடு சொல்கிறார். பசித்தவரும் தெரிகிறார், இட்டவரும் தெரிகிறார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் கனிகல் 1991இல் வெளியிட்ட பெரு வரலாறு இன்றளவும் இத்துறையில் முதன்மையானது. கும்பகோணத்துத் தெருவையும் கேம்பிரிட்ஜின் முற்றங்களையும் ஒருங்கே காட்டவல்ல உழைப்பு அதில் உண்டு. நாள்களையும் தெருப்பெயர்களையும் அவர் தேடித் தந்திருக்கும் பாங்கு போற்றத்தக்கது. ஆயினும் செஸ்டர்டன் சாலை வீட்டை அவர் விரைவாகக் கடந்து ஹார்டியின் அறைக்குப் போய்விடுகிறார். கதையின் தலைவர்கள் ஹார்டியும் இராமானுஜனும் என்று அவர் முன்னரே முடிவு செய்துவிட்டார். அந்த முடிவில் தவறில்லை. ஆனால் முதல் வாயிலைத் திறந்தவர்கள் நெவில் குடும்பத்தார் என்பது படிப்பவர் மனத்தில் தங்குவதில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்ப முன்வந்தது ஒரு நாவல். டேவிட் லெவிட் 2007இல் எழுதிய ‘தி இண்டியன் கிளார்க்’ ஆலிஸ் நெவிலை முக்கியக் கதைமாந்தராக்கியது. தொண்ணூற்று மூன்று ஆண்டுகளுக்குப் பின் வீட்டுக்காரிக்கு வாய் கிடைத்தது என்று ஆவலோடு படித்தோம். ஏமாற்றம்தான் மிஞ்சியது. ஆசிரியர் அவருக்கு உள்ளத்தைத் தந்தார். ஆனால் அந்த உள்ளம் முழுவதையும் விருந்தினர் மீது கொண்ட மயக்கத்தால் நிரப்பிவிட்டார். ஒரு பெண் ஓர் அயலானுக்காகத் தன் வீட்டின் ஒழுங்கை மாற்றிக்கொண்டாள் என்றால், அதற்குக் காதலைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்று இக்கால நாவலாசிரியர் நினைக்கிறார் போலும்! விருந்து என்பதை ஒரு தனி உணர்வாக, தனக்கே உரிய சலிப்பும் பெருமையும் கொண்ட ஒரு பண்பாக அவரால் எண்ணிப்பார்க்க இயலவில்லை. நாவலாசிரியனுக்குக் கற்பனை உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மெய்வாழ்வு தந்த பொருள் அந்தக் கற்பனையினும் கனமானது. நெவில் தம்பதியருக்கு அதே 1914ஆம் ஆண்டில் ஓர் ஆண் மகவு பிறந்தது. அது ஓராண்டு நிறையும் முன்பே இறந்தது. பின்னர் அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை.

இச்செய்தியைச் சற்றே நிறுத்தி எண்ணிப் பாருங்கள். தமிழகத்து மேதை அவ்வீட்டுக்குள் காலணி கடிக்க நடந்த ஆண்டும், அவ்வீட்டின் ஒரே பிள்ளை பிறந்த ஆண்டும் ஒன்றே. ஆகஸ்டு மாதத்தில் பெரும்போர் மூண்டது. நெவில் போரை எதிர்த்த கொள்கையினர். டிரினிட்டியில் அவர் பதவி நீடிக்கவில்லை. 1919இல் ரெடிங் நகருக்குப் பெயர்ந்தார். நம் நூல்களில் அவர் ‘இராமானுஜனை அழைத்துச் சென்ற நெவில்’ என்ற ஒற்றைத் தொடரோடு முடிகிறார். நாம் பார்த்த தமிழ் வரலாறுகளில், குறிப்பாகச் சிறுவர்க்கென எழுதப்பட்டவற்றில், அந்த ஏழு வாரங்கள் குளிருக்கும் உணவின்மைக்கும் முகவுரையாக மட்டுமே வருகின்றன. சாம்பார் கிடைக்காத நாடு என்று எழுதியவர்கள், சாம்பாரைப் பற்றி ஏதுமறியாத ஒரு புதுமணப் பெண் ஏழு வாரம் என்ன செய்திருப்பாள் என்று கேட்டதில்லை. நன்றி மறத்தல் என்று இதைச் சொல்ல நாம் தயங்கவில்லை.

இத்துறையில் நம் மொழியில் உயர்ந்த முன்மாதிரி இல்லாமலில்லை. உ. வே. சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1950இல் நூலாக வந்த ‘என் சரித்திரம்’ இருக்கிறதே! 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்த நாள்களை அவர் எழுதும்போது, ஆசிரியரின் இல்லம் முழுவதும் நம் கண்முன் எழுகிறது. அந்தணச் சிறுவர் வேளாளர் இல்லத்தில் உண்ணாத காலம். ஆகவே உணவுக்கு என்ன வழி என்ற கேள்வியே பாடத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. அதை ஐயர் மறைக்கவில்லை. தம் ஆசிரியரின் வறுமையையும் மறைக்கவில்லை. கவிச்சக்கரவர்த்தி என்று உலகம் போற்றியவர் வீட்டுச் செலவுக்குத் திண்டாடியதை, அவ்வீட்டில் பாடங்கேட்ட பிள்ளை பார்த்து மனத்தில் வைத்திருந்து, முதுமையில் எழுதினார். உடன் பயின்ற சவேரிநாத பிள்ளை போன்ற கிறித்தவ மாணவர் ஆசிரியருக்குச் செய்த தொண்டும் அங்கே துலங்குகிறது. நம் நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அந்தப் பிள்ளையவர்களின் மாணாக்கரே. அவரும் இப்படியொரு சரிதை எழுதிவைத்திருந்தால் நமக்கு எத்துணைப் பேறாயிருக்கும்!

இனி, சென்னைக்குத் திரும்புவோம். 1919 ஏப்ரல் 2ஆம் நாள் நோயுற்ற உடலோடு இராமானுஜன் இந்நகருக்கு மீண்டபோது முதலில் தங்கியது எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையில், ஒரு செல்வரின் பங்களாவில். அடுத்துச் சென்றது மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் ஒரு வீடு. ஐந்தாண்டுகளுக்குப் பின் சொந்த ஊரிலும் அவர் முதல் நாள்களை இரவல் வீட்டிலேயே கழித்தார். மறு ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் மறைந்தார். நீ உடன் வந்திருந்தால் எனக்கு இந்நோய் வந்திராது என்று அவர் சொன்னதாக ஜானகி அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அன்புடைய கணவனின் சொல் அது. ஆனால் விமரிசகன் காதில் வேறொன்றும் சேர்ந்து ஒலிக்கிறது. கல்லூரி அறையில் தாமே பொங்கித் தின்ற ஆண்டுகளில் அவர் இழந்தது உணவை மட்டுமன்று, உண்டாயா என்று கேட்கும் ஒரு வீட்டை. கணிதத்திற்காக ஹார்டிக்கு அருகில் போக வேண்டியிருந்தது, போனார். செஸ்டர்டன் சாலையிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆராய்வது வீண் வேலை. அந்த வீட்டை எண்ணியாவது பார்க்கலாம்.

அந்த லஸ் சர்ச் சாலையிலும் அதனை ஒட்டிய தெருக்களிலும் நாம் பலமுறை நடந்திருக்கிறோம். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வாடகை வீட்டுப் பலகைகளில் ‘சைவ உணவினருக்கு மட்டும்’ என்ற வாசகத்தைக் காண்பது புதிதன்று. ஊரிலிருந்து படிக்க வந்த நம் உறவுப் பிள்ளை ஒருவனுக்கு அறை தேடி அலைந்தபோது, தொலைபேசியில் இனிக்க இனிக்கப் பேசியவர்கள் பெயரைக் கேட்டதும் மௌனமானதை நாம் நேரில் கண்டோம். அதே தெருவில் ஐரோப்பிய மாணவர் ஒருவர் மாடியறையில் குடியிருந்தார். அவர் என்ன உண்பார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இதைக் கசப்போடு எழுதவில்லை, கணக்கில் வைக்கவே எழுதுகிறோம். 1914இல் நெவிலுக்குக் கும்பகோணத்தில் ஏழு வாரம் தங்க ஓர் அக்கிரகாரத்து வீடு கிடைத்திருக்குமா என்று கேட்டால் விடை எல்லோரும் அறிந்ததே. நம்மவர் பக்கமும் அதே வினாவை வைக்க வேண்டும். மணவிருந்துக்குப் பிராமணச் சமையற்காரரை அமர்த்தி, தனிப்பந்தலில் சைவ விருந்து படைத்த முந்தையோர் மரபு நமக்கு உண்டு, பெருமைதான். ஆனால் ஒரு நாள் பந்தல் வேறு, ஓராண்டு அடுப்பு வேறு. வேற்று வழக்கமுடைய பிள்ளையை நாள்தோறும் நம் மேசையில் உட்காரவைக்க நம் வீடுகளில் எத்தனை முன்வரும்?

தியாகராய நகர் நண்பர் வீடு முன்வந்தது. ஆகவேதான் அந்த வீட்டைப் பற்றி எழுதப்பட்ட நான்கு பக்கத்தில் அவ்வம்மையார் ஒரு வரியிலும் உருப்பெறவில்லையே என்று நமக்கு உறுத்தியது. எழுத்தறிந்தவர்கள் கற்றுத் தராததை அந்தச் சிறுமி எங்கிருந்து கற்பாள்? இராமானுஜனைப் பற்றித் தமிழில் இனி எழுதுவோர் செஸ்டர்டன் சாலை வீட்டுக்கு ஓர் இயல் ஒதுக்கட்டும். கிடைக்கும் சான்றுகள் சிலவே. காலணியும் காய்கறியும் பற்றிய நெவிலின் நினைவு, ஒரு மணநாள், ஒரு குழந்தையின் பிறப்பும் இறப்பும், ஒரு போர். மிகைப்படுத்தாமல் இவற்றை அடுக்கினாலே அவ்வீட்டில் விளக்கெரியும்.

கட்டுரையை நண்பரின் துணைவியாருக்குத் தமிழில் படித்துக் காட்டினோம். உப்புப் பகுதி வந்தபோது நிறுத்தச் சொல்லி, எந்தெந்த நாள் என்று எழுதியிருக்கிறாளா என்று கேட்டார். இல்லை என்றோம். “அன்றைக்கே சொல்லியிருந்தால் அவளையே கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்லியிருப்பேனே, அந்தப் பிள்ளைக்கு நோன்பில்லையே” என்றார். பிறகு, அவள் ஊரில் இப்போது மணி என்ன என்று கணக்கிடத் தொடங்கினார்.